கப்பல் ஏறும் முன்

வெளிநாட்டு ஊழியப் பயணம் என்றால் பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி என்று ஒரு பட்டியல் உண்டு. அதன் கடைசியில் 'ஆவிக்குரிய ஆயத்தம்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அது புறப்படுவதற்கு முந்தின வாரம் ஓர் உபவாச ஜெபத்தோடு முடிந்துவிடும். சீனாவுக்குப் போன ஹட்சன் டெய்லருக்கு அது ஏறக்குறைய நான்கு வருடம் பிடித்தது.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகன் அவர். 1849 டிசம்பரில், 17 வயதில், சீனாதான் தன் இடம் என்று தீர்மானித்தார். லூக்கா சுவிசேஷத்தின் சீனப் பிரதியை ஆங்கிலத்தோடு வசனம் வசனமாக ஒப்பிட்டு எழுத்துக்களைக் கற்றார். 1851-ல் ஹல் நகரில் ஒரு மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு ஏழைகள் வாழ்ந்த கால்வாயோரத் தெருவில் ஒற்றை அறைக்குக் குடிமாறி, ஓட்ஸும் அரிசியுமாகச் சாப்பிட்டார். வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிறருக்குக் கொடுக்க மிஞ்சியது.

அந்த மருத்துவருக்கு மறதி அதிகம். சம்பள நாளை நினைவூட்டும்படி அவரே சொல்லியிருந்தார். டெய்லர் நினைவூட்டவில்லை. சீனாவில் கேட்பதற்குத் தேவனைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள், அந்தப் பழக்கம் இங்கேயே வரட்டும் என்பது அவர் கணக்கு.

ஒருமுறை சம்பளம் தள்ளிப்போய், கையில் மிஞ்சியது ஒரே ஒரு அரை கிரவுன் நாணயம், அதாவது இரண்டரை ஷில்லிங். ஒரு ஞாயிறு இரவு ஓர் ஏழை வந்து, சாகும் நிலையில் இருக்கும் தன் மனைவிக்காக ஜெபிக்க அழைத்தான். வீட்டில் பசித்த பிள்ளைகள், தாயின் அருகே கைக்குழந்தை. பரலோகப் பிதா உங்களைக் கைவிடமாட்டார் என்று சொல்ல வாயெடுத்தவருக்கு நாக்கு எழவில்லை. சில்லறையாக இருந்தால் கொஞ்சம் கொடுத்திருப்பார், முழுக் காசையும் கொடுக்க மனம் வரவில்லை. முழங்காலிட்டும் ஜெபம் ஓடவில்லை. கடைசியில் நாணயத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் தபாலில் ஒரு ஜோடி கையுறை வந்தது. அதற்குள் ஓர் அரைச் சவரன், கொடுத்ததைப் போல் நான்கு மடங்கு! இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இங்கேதான் குரலை உயர்த்துவார்கள். ஆனால் ஆயத்தம் நடந்தது அந்தச் சவரனில் அல்ல, அதற்கு முன் ஜெபிக்க முடியாமல் திக்கிய அந்தச் சில நிமிடங்களில்தான்.

1853 செப்டம்பர் 19 அன்று லிவர்பூலில் 'டம்ஃப்ரீஸ்' என்ற சரக்குக் கப்பலில் ஏறினார். பயணி அவர் ஒருவரே. சில நாட்களிலேயே வேல்ஸ் கரையோரம் புயல். அம்மா வற்புறுத்தியதால் வாங்கிய நீச்சல் பெல்ட் அவரிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு தேவனை நம்புவதாகச் சொல்வது பொய் என்று தோன்றவே, வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் மிதக்கக்கூடிய பொருட்களைத் தேடிக் கையருகே வைத்துக்கொண்டாராம்! பெல்ட்டைக் கொடுத்தது தவறு, கருவிகளைப் பயன்படுத்துவது அவிசுவாசம் ஆகாது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். நான்கு வருடப் பயிற்சிக்குப் பிறகும் கற்க மிச்சமிருந்தது.

1854 மார்ச் 1 அன்று ஷாங்காயில் இறங்கியபோது கையில் மூன்று அறிமுகக் கடிதங்கள். ஒரு கடிதத்துக்கு உரியவர் இறந்திருந்தார். இன்னொருவர் அமெரிக்கா திரும்பிவிட்டார். மூன்றாவது கடிதத்தோடு, மொழி தெரியாத நகரத்தில், விசாரித்துக்கொண்டே நடக்கத் தொடங்கினார்.