முதல் கல்லுக்கு முந்தைய நாள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. குடவோலைக்குப் பேர்போனவை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி ஓலையில் எழுதக்கூடாது என்பதும் அவற்றில் உண்டு. சுற்றுவட்டார கிராமங்களில் புது வீடுகளின் குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலையைக் கவனித்தபோது எனக்கு அந்தக் கணக்கு விதிதான் நினைவில் ஓடியது. சுவரில் கல் கோணிப்போனால் வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டுகிறார். என் கணிப்பில், கொத்தனார் கையைவிட அவருக்குக் கூலி போடும் கணக்குக்கே அந்தக் கோணலில் பங்கு அதிகம்.

கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஒட்டிய கல்லுக்குத்தான் காசு. ஒட்டுவதற்கு முன் செலவாகும் நேரம் எந்த அடியிலும் சேராது. ஆனால் வேலையின் மூளை அந்த நேரத்தில்தான் இருக்கிறது. தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மூலைமட்டம் வைக்க வேண்டும், டியூப் லெவலில் தண்ணீர் பார்த்து நாலு சுவருக்கும் ஒரே கோடு போட வேண்டும். பிறகு பங்கீடு. ஐந்தடிச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடையில் ‘ஒண்ணுக்கு ஒண்ணரை’ என்று கேட்டு வாங்கும் கல் உண்மையில் 300க்கு 450 மில்லிமீட்டர். அதைப் படுக்கைவாட்டில் ஒரு மூலையிலிருந்து ஒட்டிக்கொண்டே போனால் மூன்று முழுக் கல், கடைசியில் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல் ஒரு துண்டு. சுவரின் நடுவில் கோடு கிழித்து, அதன் இருபுறமும் ஒவ்வொரு முழுக் கல் வைத்தால், இரு ஓரத்திலும் ஏறக்குறைய ஓரடித் துண்டு சமமாக நிற்கும். சுவர் அதேதான், கல்லும் அதேதான். பார்வைக்கு வேறு அறை. உயரத்திலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. ஏழடிக்கு ஏழு வரிசை என்று மனக்கணக்குப் போட்டால், இரண்டு மி.மீ. இடைவெளியையும் சேர்த்தும் மேலே இரண்டு சென்டிமீட்டர் இளிக்கும்.

நடுக்கோடு பிடித்தால் கல் கூடுதலாக வெட்டுப்படும், உண்மைதான். வரிசைக்கு ஒரு கல்லுக்கும் குறைவாகவே கூடும். அதை மறைக்க வேண்டியதில்லை. இதைவிடக் கனமான மறுப்பு வேறு. சுவரைக் கோணலாகப் பூசியவர் ஒருவர், டைல்ஸ் ஒட்டுபவர் இன்னொருவர். பள்ளத்தைக் கலவை போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியதுதானே என்கிறார்கள். நிரப்பலாம், ஓரளவுக்கு. ஓர் இடத்தில் அரை அங்குலமும் பக்கத்திலேயே இரண்டு அங்குலமுமாகக் கலவை அப்பினால் இரண்டும் ஒன்றுபோல் காயாது, சுருங்காது. சில மாதம் கழித்துத் தட்டினால் சில கற்கள் ‘டொப்’ என்று சொல்லும். தினக்கூலி கொடுத்தால் வேலை இழுபடும் என்ற பயத்தையும் நான் தள்ளவில்லை. ஆகவே சதுர அடிக் கணக்கு அப்படியே இருக்கட்டும். முதல் கல்லுக்கு முந்தைய ஒரு நாளுக்கு மட்டும் தனிக்கூலி பேசலாம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு எழுப்புகிறவரிடம் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டிய சுவரை இடித்து மறுபடி கல் வாங்க முடியாதவரும் அவர்தான்.

அந்த ஒரு நாளில் சித்தாளின் வேலையும் சேர வேண்டும். சுவரைக் கொத்திவிட்டு நனைப்பது, கல்லை ஊறப்போடுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில். சாதாரண செராமிக் கல் தண்ணீர் குடிக்கும். உலர்ந்தபடியே ஒட்டினால் சிமெண்டுப் பாலின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. விட்ரிஃபைடு கல் கிட்டத்தட்டக் குடிக்கவே குடிக்காது. அதற்கு ஊறல் வீண், தனிப் பசைதான். எந்தக் கல் என்று பெட்டியைப் பார்க்காமலே அனுபவக்காரச் சித்தாள் சொல்லிவிடுவார். டிரம்மில் போட்டதும் செராமிக் கல்லின் முதுகிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அது அடங்கும்வரை அவர் கல்லை வெளியே எடுப்பதில்லை. அதற்குள் கொத்தனார் இரண்டாம் வரிசை மட்டத்தில் அலுமினியச் சட்டத்தை ஆணியடித்து நிறுத்திவிடலாம். தரை வாட்டத்துக்குத் தக்கபடி வெட்ட வேண்டிய அடிவரிசை கடைசியில்தான்.