ஹந்தானையில் உண்ட பகலுணவு

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையைத் தரிசித்து, ஏரிக்கரையைச் சுற்றி வந்து, பேராதனைப் பூங்காவில் அரை நாள் கழித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். நகருக்கு அருகே முகில் போர்த்து நிற்கும் ஹந்தானை மலையை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. பிறரைக் குறை கூறுவானேன்? இம்மலையின் அடிவாரத்திலே 1952ஆம் ஆண்டு குடிவந்த பல்கலைக்கழகத்தில் நாம் பயின்று பட்டம் பெற்றோம். பின்னர் கண்டியிலேயே ஆசிரியத் தொழிலில் அமர்ந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காலமும் அந்த மலை நமக்குச் சாளரத்துக்கு வெளியே தொங்கும் ஒரு சித்திரமாகவே இருந்து வந்தது. அதில் ஏற நேர்ந்தது நமது உடல்நலக் குறைவினால் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

மூன்றாண்டுகளுக்கு முன் நமக்கு நீரிழிவு கண்டது. அப்போது நாம் சென்ற ஒரு சிகிச்சை நிலையத்தில் மாத்திரையோடு அச்சிட்ட தாளொன்றையும் கையில் தந்தனர். சோறு ஆகாது, பாண் ஆகாது, பலாப்பழம் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, கிழங்கு ஆகாது என்று அது நீண்டுகொண்டே போயிற்று. உண்ணத்தக்கது யாது என்று எழுதுவதற்கு அத்தாளில் இடம் போதவில்லை போலும்! நாமோ எழுத்தை நம்பிப் பிழைப்பவர். தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்காத குறையாக அதன்படியே நடந்தோம். ஒரு நாள் காலை, மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு மிடறு தண்ணீருடன் வகுப்புக்குப் போனோம். மணிமேகலையில் பாத்திரம் பெற்ற காதை நடந்துகொண்டிருந்தது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியின் பெருமையை விரித்துரைக்கும்போதே கரும்பலகை சுழன்றது, கால்கள் மடிந்தன. மாணவர்கள் தாங்கிப் பிடித்துச் சீனித் தண்ணீர் புகட்டியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! மாத்திரை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இறக்கிக்கொண்டே போக, அதற்கு ஈடுசெய்ய வயிற்றில் ஒன்றுமில்லை.

செய்தி கேள்வியுற்று வீட்டுக்கு வந்தார், முன்னாளில் நம்மிடம் தமிழ் பயின்ற மாணவியொருவர். இன்று அவர் உணவு ஆலோசகர். நாம் தாளை எடுத்து நீட்டினோம். அவர் அதைப் படிக்கவில்லை. "அது இருக்கட்டும், சேர். உங்களுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எது?" என்று கேட்டார். மூன்றாண்டுகளில் எவரும் நம்மிடம் கேளாத கேள்வி அது! பலாக்காய்க் கறியும் சிவப்பரிசிச் சோறும் என்றோம். "அதையே சாப்பிடுவோம். சோற்றின் அளவைக் குறைத்து, கீரையையும் பருப்பையும் கூட்டுவோம். மாத்திரை போட்டால் சாப்பாடு தவறக் கூடாது, மாத்திரையின் அளவைப் பற்றி டொக்டரிடம் நானும் உங்களோடு வந்து கதைக்கிறேன்" என்றார். விலக்குவதைக் காட்டிலும் சேர்ப்பதிலே நாட்டமுள்ள வைத்தியம் இது என்று கண்டுகொண்டோம். விடைபெறும்போது, "ஞாயிற்றுக்கிழமை ஹந்தானைக்கு வாருங்கள். நான் செய்யும் வேலையைப் பார்க்கலாம்" என்று அழைத்தார்.

தேசிய வைத்தியசாலையைத் தாண்டியதும் வீதி வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் நகரம் ஒரு படி கீழே இறங்குகிறது. காற்றில் ஒரு படி குளிர் ஏறுகிறது. உச்சியில் ஏறக்குறைய 3,800 அடி உயரமுள்ள இம்மலைத்தொடர், 2010ஆம் ஆண்டிலே பாதுகாக்கப்பட்ட சுற்றாடற் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வழியோரத்துப் பலா மரங்களைக் காட்டி நம் மாணவி ஒரு கதை சொன்னார். ஆர்தர் வி. டயஸ் என்ற பாணந்துறைத் தனவந்தர், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், நாடெங்கும் பலாக் கன்றுகளை நடுவிக்கும் இயக்கமொன்றை நடத்தினாராம். சிங்கள மக்கள் அவரைப் 'பலா மாமா' என்றே அழைத்தனர். பலாவுக்கு அவர்களிட்ட பெயர் 'சோற்று மரம்'. பஞ்சத்துக்குப் பஞ்சம் எத்தனை வயிறுகளை அந்த மரங்கள் காத்தனவோ!

மூன்று கல் தொலைவு ஏறுமுன்பே தேயிலை நூதனசாலை எதிர்ப்படுகிறது. 1925ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை, பல்லாண்டு பூட்டிக்கிடந்தபின் புதுக்கப்பட்டு, 2001ஆம் ஆண்டில் நூதனசாலையாயிற்று. கோப்பிச் செடிகளை 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் தாக்கியதும், அதற்கு ஈராண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்ததும் பாடப்புத்தகத்திலேயே உள்ளவை, விரிக்கவில்லை. பழைய உருட்டு இயந்திரங்களையும் டெய்லரின் நினைவுப் பொருள்களையும் பார்த்துக்கொண்டே மேல்தளத்துக்கு ஏறினால் தேநீர்ச்சாலை இருக்கிறது. அங்கிருந்து கண்டி நகரும் அதற்கப்பால் நக்கிள்ஸ் மலைகளும் தோன்றும் காட்சிக்கு ஈடில்லை. ஒரு கோப்பை அருந்தலாமா என்றோம். "பிறகு, சேர்" என்று மாணவி சிரித்தார். காரணம் அப்போது நமக்குப் புலப்படவில்லை.

நூதனசாலையில் இயந்திரங்கள் இளைப்பாறுகின்றன. கொழுந்து கிள்ளிய கைகள் இன்னும் இளைப்பாறவில்லை. சிறிது தூரம் நடந்து, சரிவான படிகளில் இறங்கி, ஒரு லயத்தை அடைந்தோம். ஞாயிறாதலால் துணிகள் கொடிகளில் உலர்ந்தன. பிள்ளைகள் மாரியம்மன் கோயில் முன்றிலில் பந்தடித்துக்கொண்டிருந்தனர். அந்த முன்றிலிலேயே பாய் விரித்து இருபது பெண்கள் கூடியிருந்தனர். நடுவே அடுப்பு, ஒரு பெரிய சட்டி, அரிந்த வல்லாரை, பொன்னாங்காணி, ஊறவைத்த கடலை, தேங்காய், தேசிக்காய். இதுதான் நம் மாணவியின் வகுப்பறை.

"இன்றைக்குக் காலையில் என்ன சாப்பாடு?" என்று தொடங்கினார். "ரொட்டி, சம்பல், தேத்தண்ணி" என்று ஒரே குரலாக விடை வந்தது. கோதுமை மா ரொட்டியும் சீனியிட்ட தேத்தண்ணீரும் வேண்டாமென்று கூறப்போகிறார் என்று நாம் எண்ணினோம். அவரோ, "நல்லது. அந்தச் சம்பலிலேயே ஒரு பிடி வல்லாரை அரிந்து போட்டு, தேசிக்காய் பிழிந்தால் எப்படியிருக்கும், செய்து பார்ப்போமா?" என்று கத்தியை எடுத்தார்.

இவ்விடத்தில் ஒரு பழங்கதையை இடைமறித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீலகிரியில் குன்னூர் என்று ஓர் ஊர் உண்டு. அதுவும் ஹந்தானை போன்றே தேயிலை மலை. அங்கே சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ரொபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், எலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் உணவையும் ஒவ்வொரு கூட்டத்துக்கு ஊட்டி ஆராய்ந்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் மற்றவற்றைக் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. தமிழராகிய நமக்கு இது சற்றே சுடும் செய்திதான். மற்றொரு கூட்டத்துக்கு இங்கிலாந்தின் ஏழை மக்களுடைய உணவைக் கொடுத்தார்: வெள்ளைப் பாண், மார்கரின், சீனியிட்ட தேநீர், தகரத்திலடைத்த இறைச்சி. அந்த எலிகள் குன்றிப்போனதுடன், ஒன்றையொன்று கடித்துக் கொன்றும் தின்றன. அவருடைய ஆய்வுக்கூடமே பின்னர் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இந்தியாவின் தேசியப் போசாக்கு நிறுவனமாக வளர்ந்தது. கோதுமை நல்லது, அரிசி கெட்டது என்று இதற்குப் பொருளன்று. எது தனித்து நிற்கிறதோ அது குறைபடுகிறது; துணை சேர்ந்தால் நிறைவடைகிறது. லயத்து ரொட்டிக்கு வல்லாரையைத் துணை சேர்த்த நம் மாணவி அதைத்தான் செய்தார்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கையில், தூணோரம் வெளிறிய முகத்துடன் ஓர் இளம்பெண் அமர்ந்திருப்பதைக் கண்டோம். ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுடைய கிளினிக் கொப்பியை மாணவி விரித்துப் பார்த்தார். கர்ப்பிணிக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. இவளுக்கு 9 இருந்தது.

"இரும்புச்சத்துக் குளிசை போடுகிறீர்களா, தங்கச்சி?"

"ஒரு நாள் கூடத் தவறல, மிஸ்."

"எதோடு போடுவீர்கள்?"

"தேத்தண்ணியோடதான்."

முன்றிலில் ஒரு கணம் பேச்சில்லை. தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, கீரை, பருப்பு முதலியவற்றிலும் குளிசையிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாமற் பெருமளவு தடுத்துவிடுகிறது. தேசிக்காய், கொய்யா, நெல்லி ஆகியவற்றின் புளிப்புச் சத்தோ அதே இரும்பு உடலிற் சேரத் துணைநிற்கிறது. மாதக்கணக்காக ஒரு நாள் தவறாமல் விழுங்கிய குளிசையில் எவ்வளவு அந்தப் பெண்ணின் இரத்தத்திற் சேர்ந்ததோ! நமது வகுப்பறையில் சுழன்ற கரும்பலகை நினைவுக்கு வந்தது. நமக்கும் மாத்திரை தந்தார்கள்; எதோடு விழுங்குகிறாய் என்று எவரும் கேட்கவில்லை.

"தேத்தண்ணியை விட வேண்டாம். சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள்" என்றார் மாணவி.

அப்போது அம்மாயி ஒருத்தி எழுந்தாள், எழுபது வயதிருக்கும். "சொல்றது சரிதான், மிஸ். ஆனா மலையில நிக்கிறப்ப தேத்தண்ணி வர்றதே ஒரு தடவ. ரொட்டியையும் அப்பதான் திங்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கிறேன்னா கங்காணி நிக்க விடுவாரா?"

நம் மாணவி சிறிது நேரம் மௌனமாயிருந்தார். புத்தகத்தில் இதற்கு விடையில்லை. பின்னர் அந்த அம்மாயியையே அருகில் அமர்த்திக்கொண்டு, பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் என்ன செய்ய முடியும், மாலையில் வீடு திரும்பியபின் என்ன செய்ய முடியும் என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டறிந்தார். இறுதியில், இரும்புச்சத்து மிகுந்த கீரையையும் கடலையையும் இராச் சாப்பாட்டுக்கு மாற்றுவது, குளிசையைப் படுக்கைக்குப் போகும்போது விழுங்குவது, மலைக்குக் கொண்டுபோகும் ரொட்டிக்குத் தேசிக்காய்ச் சம்பலும் கொய்யாவும் சேர்ப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் அம்மாயி என்றே கூற வேண்டும்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டிலே 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது; மறு ஆண்டே வந்த நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறிற்று. கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் 1973ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கப்பட்டுவரும் திரிபோஷ மாவின் உற்பத்தியும் அவ்வாண்டு தடைப்பட்டது. கையிலே காசில்லாதவரிடம் முட்டையும் பாலும் உண்ணென்று கூறுவது அமுதசுரபியைப் பற்றிப் பாடம் நடத்துவது போன்றதே. இதை நாம் வாய்விட்டுச் சொன்னோம். "தெரியும், சேர். சம்பளத்தைக் கூட்ட என்னால் முடியாது. லயத்துக்குப் பின்னால் முளைத்திருக்கும் பொன்னாங்காணியைச் சட்டிக்குள் கொண்டுவர முடியும்" என்றார் மாணவி. அவரது விடை முழு விடை என்று நாம் ஒப்பவில்லை. அவரும் அப்படிக் கருதியதாகத் தோன்றவில்லை.

பகல் பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். சிவப்பரிசிச் சோறு, கடலை சேர்த்த பலாக்காய்க் கறி, பருப்பு, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணிச் சுண்டல். மற்றவர்களுக்கு நெத்தலிப் பொரியலும் இருந்தது. நாம் சைவர் என்பதால் நமக்கு ஒரு கரண்டி கடலை கூடுதலாக விழுந்தது. சோற்றை மாணவியே அளந்து வைத்தார். தாள் விலக்கிய பலாவை நாம் அச்சமின்றி உண்டோம். அந்த இளம்பெண் நம் எதிரே அமர்ந்து, தேசிக்காய்த் துண்டொன்றைச் சம்பலின்மேல் பிழிந்து பிழிந்து உண்டாள்.

கை கழுவியதும், வந்த விருந்தினருக்குத் தேத்தண்ணீர் கொடாமல் அனுப்புவது எப்படி என்று அம்மாயி கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் நின்றாள். மாணவியைப் பார்த்தாள், அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்தாள். "மணி என்ன, ஐயா?" என்று நம்மிடம் கேட்டாள். ஒன்று என்றோம். கேத்திலைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டு, படியில் அமர்ந்து, தன் பாட்டன் காலத்துக் கதைகளைச் சொல்லத் தொடங்கினாள். மலையில் முகில் இறங்கி வந்து லயத்துக் கூரைகளை மூடிற்று. சரியாக இரண்டு மணிக்குத் தேத்தண்ணீர் வந்தது, நமக்கு மட்டும் சீனியில்லாமல்.