உலக்கையை எப்போது நிறுத்துவது

கபடிப் பயிற்சி முகாமில் பையன்களுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. முன்பு நானும் ஆடியவன்தான். முழங்கால் போனபிறகு அண்டா, கரண்டி என்று ஆகிவிட்டது. இனி சாப்பாட்டுக்குச் சாமை என்று முடிவு செய்த பயிற்சியாளர், அது விளையும் இடத்திலேயே பழகிக்கொண்டு வா என்று ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் தனக்குப் பழக்கமான வீட்டுக்கு என்னை அனுப்பினார்.

பையன்கள் கண்டதைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்ற அவருடைய கவலை நியாயமானது. ஓடியாடுகிற பையனுக்கு என்ன வந்துவிடப்போகிறது, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். பெரியவர்கள் கபடியில் ஆண்களுக்கு 85 கிலோ வரம்பு. எடைத்தட்டில் ஏறும்வரை பட்டினி. இறங்கினதும் பரோட்டா, சால்னா, குளிர்பானம். தடுத்து ஆடுகிறவனுக்கு உடம்பு கனமாக இருந்தால் நல்லது என்று அவனுக்கு மட்டும் தட்டு நிறைந்துகொண்டே போகும். அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையில் நிற்கிற கனத்த உடம்புக் கல்லூரி மாணவர்களைப் பரிசோதித்தபோது, ஒரே ஒரு சீசனுக்குள் பலருக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறவர்கள் அவர்கள். நம் கதை இன்னும் மோசம். 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் இருபது வயது தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஆட்டம் இருபத்தைந்தில் நின்றுவிடும், பசி நிற்காது. எனக்கும் நிற்கவில்லை.

அந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் ஆயா என்றார்கள், நானும் ஆயா என்றேன். பாறையிலேயே குடைந்த குழிதான் உரல். காய்ந்த சாமையைப் படி அளவில் கொட்டி, பூண் போட்ட உலக்கையை என் கையில் கொடுத்தார். ஆடின உடம்பாச்சே, ஓங்கிக் குத்தினேன். "நைனா, அதை ஏன் அடிக்கிற? உலக்கைய வுடு, அதுவே வுழும்" என்றார். உலக்கையைத் தூக்குவதுதான் நம் வேலை. கீழே போவதை அதன் கனம் பார்த்துக்கொள்ளும். குத்தினால் மணி உடைந்து குருணையாகிவிடும்.

முதல் சுற்றில் பளபளப்பான மேலோடு கழன்றுவிடும். முறத்தில் வாரிப் புடைத்தால் உமி முன்னால் பறக்கும், உரியாத மணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கும். அவற்றை மட்டும் மறுபடி குழியில் போட வேண்டும். முறம் எனக்கு லேசில் வசப்படவில்லை. ஆயா ஒரு கையால் முறத்தின் ஓரத்தைத் தட்டுவார், மணியும் கல்லும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். எனக்கு எல்லாம் சேர்ந்தே குதித்தன.

நான் அங்கே போனதன் பலன் அடுத்த கட்டத்தில்தான் கிடைத்தது. உமி போன மணி பழுப்பும் சாம்பலுமாக இருக்கும். மேலும் இடித்தால் தவிடு உதிர்ந்து நிறம் வெளுக்கும்; இன்னும் இடித்தால் கடையில் விற்கிற மாதிரி வெள்ளை வெளேரென்று ஆகும். ஆயா அந்த இடத்துக்குப் போகவே விடுவதில்லை. நாலு மணியை உள்ளங்கையில் போட்டுக் கட்டை விரலால் தேய்ப்பார். தவிடு விரலில் லேசாக ஒட்டி, மணியில் பழுப்பு பாக்கி இருந்தால் "போதும், நிறுத்து". விருந்தாளி வந்தால் இன்னொரு சுற்று உண்டாம். வெள்ளையாகப் போட்டால்தான் மரியாதை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 100 கிராம் சாமைக்கு நார்ச்சத்து சுமார் 7.7 கிராம், தீட்டிய அரிசிக்கு 2.8. ஆனால் சாமையின் நாரில் கணிசமான பங்கு தவிட்டோடு இருக்கிறது. செரிமானத்தைத் தாமதப்படுத்தி, இரத்தத்தில் சர்க்கரை குபீரென்று ஏறாமல் பிடித்து வைப்பது அந்த நார். வெளுக்கத் தீட்டிய சாமையை மாவாக்கிக் குழையக் கஞ்சி காய்ச்சினால், பெயர்தான் சிறுதானியம். உடம்புக்குள் வெள்ளைச் சோறு செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும். சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய முறுக்கு வகையறாவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சர்க்கரையும் எண்ணெயும் இந்தப் பெயரில் நன்றாக விற்றன.

உரலைப் பற்றி ஆயாவுக்கு எந்தப் பெருமையும் இல்லை. "தோளு போனதுதான் மிச்சம்" என்றார். 2011-இல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தபோது அவருக்கு நிம்மதி. இப்போது ஜமுனாமரத்தூரில் பழங்குடி விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் இயந்திரத்தில் சாமை தீட்டி விற்பதைப் பற்றியும் அவர் குறை சொல்லவில்லை. பாரம்பரியம் என்று உருகுகிறவர்கள் அரை மணி நேரம் உலக்கை பிடித்துவிட்டுப் பேசலாம்.

சமையல் சுலபம். இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றிச் சாய்த்துக் கல் அரித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கொதிக்கிற உலையில் ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர். அரிசியைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். கிளறக் கூடாது, தண்ணீர் வற்றியதும் மூடி இறக்கினால் மீதி தம்மிலேயே வேகும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடையல், ஏதாவது கீரை, கிடைக்கிற காலத்தில் மலை நெல்லிக்காய்த் துவையல். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர நெல்லியின் புளிப்பு உதவும். உப்பு விஷயத்தில் மட்டும் ஆயா பேச்சை நான் கேட்கவில்லை. அவர் கை தாராளம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள். வெயிலில் வியர்த்து ஆடுகிறவனுக்குக் கொஞ்சம் கூடத் தேவைப்படலாம். அதற்காக அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் ஒரே தட்டில் வேண்டாம்.

முகாமில் சாமை மதியமும் இரவும்தான். ஆட்டத்துக்கு முன்னால் போடுவதில்லை. அத்தனை நாரோடு களத்தில் இறங்கினால் வயிறு கனக்கும். அன்றைக்கு வெள்ளைச் சோறு, வாழைப்பழம். உடனே சக்தி தேவைப்படுகிற நேரத்தில் உடனே செரிக்கிற உணவுதான் சரி. சில பெற்றோர்களுக்கு இது முரணாகத் தெரிகிறது. பயிற்சி முடிந்து வருகிறவனுக்கு அவித்த வேர்க்கடலை, முட்டை. எடை குறைக்கப் பட்டினி கிடப்பதைப் பயிற்சியாளர் நிறுத்திவிட்டார். போட்டிக்குப் பல வாரம் முன்பிருந்தே தட்டைப் பார்த்துப் போடச் சொல்கிறார். எனக்கு வேலை கூடியது, பையன்களின் முணுமுணுப்பும் கூடியது. வெள்ளிக்கிழமை பரோட்டா கேட்டு இன்னும் வருகிறார்கள். மாதம் ஒரு முறை போடுகிறேன், டால்டா இல்லாமல்.

இயந்திரத்தில் தீட்டியதை வாங்கும்போதும் நாலு மணியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறேன். ஒரே தீட்டு போதும் என்றால் கடைக்காரர், பழுப்பாக இருந்தால் பழசு என்று சமவெளிக்காரர்கள் திருப்பிவிடுகிறார்கள் என்கிறார். அதனால் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்குகிறோம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் வைத்திருந்தால் சிக்கு வாடை வந்துவிடும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் சரக்கு எடுப்பதில்லை.