இரவற் சைக்கிளில் கொட்டாஞ்சேனைக்கு

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். பல ஆண்டுகளாகப் போய்வந்த பாதைதான். ஆயினும் அதன் மேடுபள்ளங்களை நாம் உடலால் அறிந்துகொண்டது 2022ஆம் ஆண்டிலேதான்.

அவ்வாண்டின் பெற்றோல் பஞ்சத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிரப்பு நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. எமது மோட்டார் சைக்கிளும் சுவரோடு சாய்ந்துவிட்டது. ஜூலை மாதத்தில் மாடிவீட்டுத் தம்பி தம்முடைய துவிச்சக்கரவண்டியைத் தந்து, "பெற்றோல் வருமட்டும் வைச்சு ஓடுங்கோ, சேர்" என்றார். செப்டெம்பரில் அவர் கனடாவுக்குப் பயணமானார். 35,000 ரூபா தந்தால் வண்டி எமக்கே என்று சொல்லிப் போனார்.

பணம் எம்மிடம் இருந்தது. ஆனால் அது மகளின் உயர்தர வகுப்புகளுக்கென ஒதுக்கிய பணம். "சைக்கிளே சோதினை எழுதப் போகுது?" என்றார் இல்லத்தரசியார். அதற்கு விடை தேடி ஒரு ஞாயிறு காலை புறப்பட்டோம்.

வண்டியோ மலைச் சைக்கிள். 1970களிலே கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களுக்குப் பருத்த ரயர் பூட்டி உருண்டிறங்கிய விளையாட்டில் பிறந்தது இவ்வகை. வெள்ளவத்தையில் மலைக்கு எங்கே போவது?

மரைன் டிறைவில் ஒரு பக்கம் புகையிரதப் பாதை, அப்பால் கடல். தார் வீதியிலே முண்டுமுண்டான ரயர் வண்டுபோல் இரைந்து எமது பலத்தில் ஒரு பங்கை விழுங்கிற்று. முன்கவையின் சுருள்வில்லோ மிதிக்குந்தோறும் தாழ்ந்தெழுந்து மற்றொரு பங்கைக் கேட்டது. காலிமுகத்திடலை அடைந்தபோது தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. சில வாரங்களுக்கு முன்வரை போராட்டக் கூடாரங்கள் நின்ற இடத்தில் சிறுவர் பட்டம் விட்டுக்கொண்டிருந்தனர். அங்கே சற்று இளைப்பாறினோம். வாங்குவதில்லை என்றே மனம் சொல்லிற்று.

கோட்டையைக் கடந்து செட்டியார் தெருவில் புகுந்து கதிரேசன் கோயில் வாசலில் கும்பிட்டோம். ஆடிவேல் இரதம் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்கு வரும். அந்தப் பயணத்தை நாம் தலைகீழாகச் செய்திருந்தோம்! ஞாயிறாதலால் நாட்டாமைமாரின் கைவண்டிகள் குறைவு. குழிகள் மட்டும் குறையவில்லை. ஆனால் பருத்த ரயர் அவற்றை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. 1757இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயம் நிற்கும் மேட்டிலே கியரை இறக்கினோம். நாற்பத்தேழு வயதுக் கால்கள் இறங்காமலே ஏறிவிட்டன. மனம் மீண்டும் மாறிற்று.

கொட்டாஞ்சேனையில் சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் விலையைக் கேட்கவில்லை. அடிமட்டத்தை எடுத்துச் செயினின் மேல் வைத்தார். புதுச் செயினிலே பன்னிரண்டு கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்குமாம். இதிலோ எட்டிலொரு அங்குலம் கூடியிருந்தது.

"கடற்காத்து திண்டிட்டுது, சேர். செயின் மாத்தினால் பல்லுச் சில்லும் மாத்தோணும். ரயர் ரெண்டும் வழுவழுப்பாப் போடுங்கோ, பிறகு பாருங்கோ ஓட்டத்தை. சட்டம் நல்ல சட்டம், வெடிப்பில்லை."

எல்லாமாக 14,000 ரூபா என்றார். அதனைக் கழித்து 21,000 ரூபாவுக்குக் கேட்பதென்று வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தபடி திரும்பினோம். (வகுப்பறையில் கணக்குப் பேசுவது எளிது, அயல்வீட்டில் அப்படியன்று.)

மாடிவீட்டு அம்மா தேநீர் தந்து பொறுமையாகக் கேட்டார். செயினையும் பல்லையும் பற்றி நாம் சொன்னவை அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"விலையை அவனோடை பிறகு பேசுங்கோ, மாஸ்டர். வித்துப்போட்டன் எண்டு மட்டும் இப்ப எனக்குச் சொல்லாதேங்கோ. லீவிலை வந்தால் ஓட அவனுக்கு ஒரு சைக்கிள் வேணுமெல்லே?"

அடுத்த கிழமை செயினும் பல்லுச் சில்லும் மாற்றி, வழுவழுப்பான ரயர்கள் பூட்டினோம். வகுப்புப் பணத்தில் 14,000 குறைந்தது. மகளின் இரசாயன வகுப்புக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டினோம். விலை இன்னும் பேசி முடியவில்லை.