ஓசி வைத்தியம்

“ஓசில பாத்துட்டு அவங்க மேலயே கேஸா?” அக்காவுக்காக வழக்குப் போடப்போகிறோம் என்றதும் தெருவில் பலர் கேட்டது இதைத்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன். நாலு மாசமாக வலியும் காய்ச்சலும். கடைசியில் வெளியே ஸ்கேன் எடுத்தபோதுதான் வயிற்றுக்குள் துணி இருப்பது தெரிந்தது. மறுபடி அறுத்து எடுத்தார்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் என்றுதான் நினைத்திருந்தோம். “அங்க செல்லாதுங்க” என்றார் வக்கீல். மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் ஆஸ்பத்திரிகளை விலக்கிவிட்டது. பதிவுச் சீட்டுக்குக் கொடுக்கும் சில்லறை கட்டணம் ஆகாது. நாம் கட்டும் வரியும் ஆகாது. தெரு சொன்ன ‘ஓசி’யைத்தான் தீர்ப்பும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறது.

மிச்சமிருப்பது உயர் நீதிமன்றத்தில் ரிட், இல்லையென்றால் சிவில் கோர்ட். சிவிலுக்குப் போனால் முதலில் 80ஆம் பிரிவின்படி அரசுக்கு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதி இருக்கிறது. எங்களுக்கு “ரெக்கார்டு ரூம்ல தேடிட்டு இருக்கோம்” என்ற பதில்தான் கிடைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்ட பிறகுதான் அசைந்தார்கள்.

வக்கீல் ஒரு பழைய தீர்ப்பைக் கொடுத்தார். 1963இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் போன பெண்ணின் வயிற்றில் துண்டை வைத்துத் தைத்துவிட்டார்கள். அவர் இறந்துபோனார். உச்ச நீதிமன்றம் 1996இல்தான் அந்தக் குடும்பத்துக்கு 36,000 ரூபாயை உறுதிசெய்தது. முப்பத்துமூன்று வருஷம். ஆனால் அதில் ஒரு வெளிச்சம் உண்டு: தவறு எந்த டாக்டருடையது என்பது முக்கியமில்லை, அரசு பொறுப்பேற்க வேண்டும்.

அதைப் படித்துக் காட்டியபோது அக்காவுக்கு நிம்மதி. அவளுக்கு அந்தச் சின்ன டாக்டர் மேல் கோபமே கிடையாது. “அந்தப் பொண்ணு ராத்திரி பூரா நின்னுட்டே இருந்துச்சு, பாவம். தைக்கிறதுக்கு முன்னாடி துணிய எண்ணணும்ல? யாரு எண்ணுனா, எங்க எழுதி வச்சிருக்காங்க? அத மட்டும் கேளு” என்றாள்.

இலவசம் என்பது தர்மம் இல்லை. தர்மம் என்று நம்பவைத்துவிட்டால் கேள்வி கேட்பவர் நன்றிகெட்டவர் ஆகிவிடுகிறார். தனியாருக்குப் போக வசதி இருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர் கையில் பில் இருக்கிறது. அக்காவிடம் இருப்பது ஓ.பி. சீட்டும், வயிற்றில் இரண்டு தழும்பும்தான்.

நோட்டீஸ் போய் ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை. நாளைக்குக் குழந்தைக்குத் தடுப்பூசி. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம்.