படகுத்துறையில் நான் சுமத்திய பழி

அன்று என்னிடம் வந்து பேசிய பெரியவர் நிறவெறியர் அல்ல. தவறு முழுக்க என்னுடையது. ஆனால் மெல்பர்னில் எங்களுக்குத் தெரிந்த சில வீடுகளில் அந்தச் சம்பவம் வேறு மாதிரி உலவுகிறது. படகுத்துறையில் ஒரு வெள்ளைக்காரர் என்னை அதட்டினாராம், நான் ஒரே கேள்வியில் அவர் வாயை அடைத்துவிட்டேனாம். அந்தக் கதையை நான் கட்டிவிடவில்லை. ஆனால் அது பொய் என்று தெரிந்தும், சபையில் அது சொல்லப்படும்போதெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன்.

இடத்தை முதலில் விளக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் சொந்தப் படகு என்பது பணக்காரர்கள் சமாச்சாரம் அல்ல. பழைய அலுமினியப் படகு ஒன்று, அதன் பின்னால் ஓர் அவுட்போர்ட் மோட்டார், கீழே ஒரு டிரெய்லர். சாதாரண வேலையில் இருப்பவர்கள் பலர் வீட்டு வாசலிலேயே இப்படி ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். விடிகாலையில் அதைக் காரில் மாட்டி இழுத்துப்போய், தண்ணீருக்குள் சரிந்து இறங்கும் கான்கிரீட் தளத்தில் பின்னோக்கி இறக்கிப் படகை மிதக்கவிட வேண்டும். அந்தச் சரிவுதான் ராம்ப். அதை ஒட்டித் தண்ணீருக்குள் நீளும் மேடை ஜெட்டி. எல்லாம் பொதுச் சொத்து. விக்டோரியா மாநிலத்தில் முன்பு பல இடங்களில் இதற்குக் காசு வாங்கினார்கள். 2018 தேர்தலில் தந்த வாக்குறுதிப்படி அரசு அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. யாரும் வரலாம், யாரும் இறக்கலாம்.

வசந்த காலம் வந்துவிட்டால் போர்ட் பிலிப் விரிகுடாவுக்குள் ஸ்னாப்பர் மீன்கள் முட்டையிட வரும். நவம்பர் முதல் செவ்வாய் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம். அந்த வாரத்தை ஒட்டி நகரமே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். கேரமில் உள்ள பேட்டர்சன் ஆற்றுத் துறை போன்ற பெரிய இடங்களிலேயே இருட்டு பிரியும் முன் வரிசை நீளும். நான் போவது அதைவிடச் சின்னது. இரண்டே தடங்கள், நடுவில் ஒரு ஜெட்டி.

இவ்வளவு கூட்டம் அங்கே கைகலப்பு இல்லாமல் நகர்வதற்குக் காரணம் போலீஸ் அல்ல, பழக்கம்தான். கட்டுப் பட்டைகளை அவிழ்ப்பது, ஐஸ் பெட்டி ஏற்றுவது, தூண்டில்களைச் செருகுவது எல்லாவற்றையும் மேலே ஓரமாக நிறுத்தி முடித்துக்கொண்டுதான் வரிசையில் சேர வேண்டும். சரிவில் பின்னால் இறங்கும்போது முகப்பு விளக்கை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்துத் தடத்தில் கண்ணாடி பார்த்து இறங்குகிறவருக்குக் கண் கூசும். படகு மிதந்ததும் அதை ஜெட்டியின் கோடிக்கு நகர்த்திவிட்டு, காரை உடனே மேலே ஏற்ற வேண்டும். திரும்பி வரும்போது ஒருவர் இறங்கிப் போய்க் காரை எடுத்து வரிசையில் சேர்வார், மற்றவர் படகை ஒதுக்குப்புறமாகப் பிடித்துக்கொண்டிருப்பார். முறை வந்தால் ஏற்றி, மேலே போய்த்தான் மற்ற வேலை. படகை டிரெய்லர் மீது ஏற்ற மோட்டாரை முறுக்கக் கூடாது. அந்த வேகத்தில் கான்கிரீட் முடியும் இடத்து மணல் அரித்துப் பள்ளம் விழும், அடுத்து வருபவரின் டிரெய்லர் சக்கரம் அதில் போய் மாட்டும். இவற்றில் பாதி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே வருகிறது.

எனக்கும் அப்படித்தான் வந்தது. முதல் தடவை டிரெய்லரைப் பின்னால் தள்ளப் போய், அது குறுக்கே மடங்கி இரண்டு தடங்களையும் அடைத்தபோது, பின்னால் காத்திருந்தவர் இறங்கி வந்தார். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு கையை வை, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்றார். மேல்பக்கம் பிடித்தால் எல்லாம் தலைகீழாகப் போகும், கீழ்ப்பக்கம் பிடித்தால் நேராகிவிடும். இன்றும் அப்படித்தான் இறக்குகிறேன். எனவே தெரியாமல் செய்தேன் என்ற சாக்கு எனக்குக் கிடையாது. நான் சொல்லப்போகும் நாளில் இந்த நடைமுறைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. மற்றவர்கள் தப்பாகச் செய்தால் முகம் சுளிக்கும் அளவுக்கு அத்துப்படி.

அது நவம்பரில் ஒரு சனிக்கிழமை. காலையில் வடக்குக் காற்று, பிற்பகலில் தென்மேற்காகத் திரும்பும் என்று வானிலை அறிவிப்பில் சொல்லியிருந்தார்கள். சொன்னதைவிட முன்னதாகவே திரும்பிவிட்டது. இந்த விரிகுடாவின் கிட்டத்தட்டப் பாதி இடத்தில் எட்டு மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் காற்று கிளப்பும் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக எழும். கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்குத் தென்மேற்குக் காற்று என்றால் அந்த அலை நேராக முகத்தில் வந்து அடிக்கும். ஆகவே எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் கரைக்கு ஓடி வந்தன. என் படகில் நானும் ஒரு நண்பரும்.

எங்களிடம் ஒரு பெரிய ஸ்னாப்பர் இருந்தது. என் வாழ்நாளில் அதுவரை அப்படி ஒன்றைப் பிடித்ததில்லை. உடம்பெல்லாம் ரோஜா நிறம், அதில் நீலப் பொட்டுகள், நெற்றியில் மேடு. ஜெட்டியில் முதலில் வந்து சேர்ந்தவர்களில் நாங்களும் இருந்தோம். நான் இறங்கிக் காரை எடுக்கப் போயிருக்க வேண்டும், நண்பர் படகைக் கோடிக்கு நகர்த்தியிருக்க வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? தடத்தை ஒட்டிய முதல் இடத்திலேயே முன்னும் பின்னும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம். மீனை வெளியே எடுத்தோம். நான் பிடித்து ஒரு படம், நண்பர் பிடித்து ஒரு படம், வெளிச்சம் சரியில்லை என்று திரும்பி நின்று இன்னொன்று. அப்புறம் வீட்டுக்கு வீடியோ அழைப்பு. பிள்ளைகள் பார்த்தார்கள், ஊரில் அம்மாவையும் அழைப்பில் சேர்த்தோம். பிறகு நான் படகின் தளத்தில் கிடந்த ரத்தத்தைக் கழுவ உட்கார்ந்தேன். காரை எடுக்க இன்னும் யாரும் போகவில்லை.

வெளியே படகுகள் வட்டமிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு பேசும்போது “கவனிக்கவில்லை” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கவனித்தேன். ஐந்தாறு படகுகள், ஒவ்வோர் அலைக்கும் மூக்கைத் தூக்கிக் குத்திக்கொண்டு நின்றன. அதில் ஒன்றில் ஒரு பெரியவரும் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமியும் இருந்தார்கள். மஞ்சள் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தாள், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். பார்த்தும் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முறையில்தானே வந்தோம், இருக்கட்டும் என்று ஓர் எண்ணம்.

கடைசியில் அவர் எங்கள் பின்புறம் கிடைத்த சின்ன இடைவெளியில் மூக்கை நுழைத்து, சிறுமியிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு, ஜெட்டியில் ஏறி நடந்து வந்தார். முதலில் மீனைப் பார்த்து அருமையான மீன் என்றார். பிறகு, வெளியே நிலைமை மோசமாகிறது, படகைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்ள முடியுமா, நானும் வேண்டுமானால் கயிறு பிடிக்கிறேன் என்றார். குரல் உயரவில்லை. முகத்தில் கடுப்பும் இல்லை.

எனக்குக் காதுவரை சூடேறியது. மாட்டிக்கொண்டவனுக்கு வரும் வெட்கம் அது. அந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல், கைக்கு எட்டிய ஆயுதத்தை எடுத்தேன். “இங்கே ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தால் இதைச் சொல்லியிருப்பீர்களா?” என்று ஆங்கிலத்தில், சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. மன்னிக்க வேண்டும், அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்றார். இரண்டு கையையும் லேசாக உயர்த்திக்கொண்டே பின்னால் நகர்ந்து திரும்பிப் போனார். அதற்குள் ஓர் அலை அவர் படகைத் தூக்கி ஜெட்டியின் தூணில் தேய்த்திருந்தது. ஃபைபர் பக்கவாட்டில் முழ நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல். சிறுமி கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எஞ்சிய இடத்தையும் துடைத்து முடித்துவிட்டு, அவசரப்படாமல் காரை எடுக்கப் போனேன். வேகமாகப் போனால் தோற்றதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

அன்றிரவு எங்கள் வீட்டில் மீன் குழம்பு. சாப்பிட வந்தவர்களிடம் நண்பர் கதையைச் சொன்னார். அவர் சொன்னதில் பெரியவர் மீனைப் புகழவில்லை, கயிறு பிடிக்கிறேன் என்று சொல்லவில்லை. “நகருங்கடா” என்று கத்தினார். “நம்ம ஆளு விட்டாரு பாருங்க ஒரு கேள்வி!” எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் முதுகில் தட்டினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நிறவெறி இந்த ஊரில் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2009இல் இந்திய மாணவர்கள் மீது அடுத்தடுத்துத் தாக்குதல் நடந்தபோது நானும் இங்கே மாணவன். அந்த மே மாதக் கடைசியில் ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக்கு எதிரே சாலையில் அமர்ந்து மறியல் செய்தவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். இரவு வேலை முடிந்து கடைசி ரயிலில் வரும்போது எந்தப் பெட்டியில் ஏறுவது என்று யோசித்து ஏறிய நாட்கள் அவை. பின்னாளில் ரயிலில் ஒருவன் என் மனைவியைப் பார்த்து உன் நாட்டுக்கே போ என்று கத்தியிருக்கிறான். அப்போது அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் எங்களை நம்பினார்கள், எங்களுக்காக எழுந்து நின்றார்கள். அந்த நம்பிக்கையைத்தான் ஜெட்டியில் இடம் பிடிக்க நான் செலவழித்தேன். அடி வாங்கிய பையன்கள் பேசிய வார்த்தையை, மீனோடு படம் எடுக்க நேரம் வேண்டும் என்பதற்காக எடுத்துப் பேசினேன். எனக்கு இதுதான் ஆறவில்லை. ஜெட்டியை அடைத்துக்கொண்டு நின்றதுகூட அடுத்தபடிதான்.

அதன் விளைவை அடுத்த சீசனில் பார்த்தேன். நம் நாட்டுப் பையன்கள் மூன்று பேர், புதிதாக வாங்கிய படகு, ஏகப்பட்ட உற்சாகம். வரிசையில் அவர்களுக்கு அடுத்து அதே பெரியவர். பக்கவாட்டுக் கீறலைப் பூசி மறைத்திருந்தார், ஆனாலும் படகை அடையாளம் தெரிந்தது. எந்தப் படகிலும் பின்பக்கம் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும். கட்டைவிரல் பருமனில் ஒரு பிளக், அதைத் திருகி அடைக்காமல் இறக்கினால் படகுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிடும். முப்பது வருட அனுபவம் உள்ளவர்கள்கூட மறப்பார்கள். அதனால்தான் படகுத்துறையில் முன்பின் தெரியாதவர்கூட “பிளக் போட்டாச்சா?” என்று குரல் கொடுப்பார். பையன்கள் போடவில்லை. பின்னால் இருந்தவருக்குத் துளை நேராகத் தெரிந்திருக்கும்.

அவர் காரைவிட்டு இறங்கினார். இரண்டடி வைத்தார், நின்றார். பையன்களைப் பார்த்தார். பிறகு திரும்பி, ஜெட்டியில் நின்ற வேறொரு இளைஞரிடம் போய்க் காதோரம் ஏதோ சொன்னார். அந்த இளைஞர் ஓடி வந்து பையன்களிடம் சொல்வதற்குள் படகு மிதந்துவிட்டது, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். நல்லவேளையாக டிரெய்லர் இன்னும் தண்ணீரில்தான் நின்றது. வின்ச்சைச் சுற்றி மறுபடி ஏற்றி மேலே இழுத்தார்கள். ஆபத்து ஒன்றுமில்லை.

அவர் ஏன் தானே போய்ச் சொல்லவில்லை என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அவர் அந்த இடத்தில் நின்ற விதத்தை நான் பார்த்தேன். அவரைத் தடுத்தது என் கேள்விதான் என்றே நம்புகிறேன். மேலே ஓரமாக என் படகில் பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்த என்னையும் அவர் பார்த்தார். இருபது அடி தூரம்கூட இருக்காது. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து பட்டையின் கொக்கியோடு மல்லாடுவதுபோல் பாவனை செய்தேன், அவர் படகை இறக்கிப் போகும்வரை.

சமீபத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் நண்பர் மறுபடி அந்தக் கதையை எடுத்தார். படகு வாங்க யோசித்துக்கொண்டிருந்த ஒரு புதுக் குடும்பம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குறுக்கிட்டேன். “அப்படி நடக்கலைங்க. அவர் தன்மையாத்தான் கேட்டார். வழியை அடைச்சுக்கிட்டு நின்னது நான்.” நண்பருக்குக் கோபம். “உங்களுக்கு அவங்களைப் பத்தித் தெரியாது, ரொம்ப நல்லவரா இருக்கீங்க” என்றார். நான் நல்லவனாக இருந்து சொல்லவில்லை என்பதை அவருக்கு விளக்கிப் பார்த்தேன், ஏறவில்லை. இப்போது எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

பெரியவரிடம் இன்னும் பேசவில்லை. பெயர் தெரியாது. சீசன் தொடங்கினால் வருவார். வரும்போது அந்தப் பெண்ணும் கூட வந்தால், அவள் எதிரிலேயே சொல்ல வேண்டும். அவள் எதிரில்தானே அவரை அப்படிக் கேட்டேன்.