அடுப்பை நூர்த்த பிறகு விடும் புளி

கீரிமலை என்றதும் எல்லோருக்கும் தீர்த்தம்தான் நினைவுக்கு வரும். ஆடி அமாவாசையில் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் கழித்து, கேணியில் இறங்கி முழுகி, நகுலேஸ்வரரைக் கும்பிட்டு, வீட்டுக்குப் போய்க் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சோறு சாப்பிடுகிற ஊர். அந்த ஊரை வைத்து மீனைப் பற்றி எழுதினால் சிலருக்குப் பொறுக்காது. ஆனால் கேணி மதிலுக்கு அப்பால் அலையடிப்பது கடல். மேற்கே சேந்தான்குளம், கிழக்கே காங்கேசன்துறையைத் தாண்டினால் மயிலிட்டி என்று கரை நெடுக மீன்பிடி ஊர்கள். விரதமும் மீனும் ஒரே வீட்டில், அதனதன் நாளில் இருந்தன. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. மச்சச்சட்டி புறம்பாகக் குசினியின் பின்பக்கத்தில் கவிழ்த்துக் கிடக்கும். புதன்கிழமை அது நிமிரும்.

யாழ்ப்பாணத்து மீன் என்றால் உறைப்பாகக் கொதிக்கும் குழம்பையும், தாச்சியில் முறுகப் பொரித்த சீலாவையும்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது வேறு. அது விருந்துக்கு வைப்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சலில் எழும்பினவனுக்கு, பல்லுப் போன அப்புவுக்கு என்று அம்மம்மா பொழுதுபட்ட நேரத்தில் கெதியாகச் செய்து கொடுத்த வெள்ளை மீன். விளைமீன் என்றால் நல்லது, ஓராவும் பாரையும் கூடச் சரி. உப்பும் மஞ்சளும் தடவி, கொஞ்ச எண்ணெயில் இரண்டு பக்கமும் பிரட்டி, தட்டின உள்ளியும் மிளகும் போட்டு இறக்கி, மேலே தேசிக்காய் பிழிவார். அவ்வளவுதான். பத்தியச் சாப்பாடு என்று பெயர் என்றாலும், பத்தியக்காரரின் தட்டையே பார்த்துக்கொண்டு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி இருப்போம்.

அம்மம்மா மீனைக் கழுவுவது கிணற்றடியில், தேசிமரத்துக்குக் கீழே. செதில் உரசும்போது கத்தியின் முதுகைத்தான் பிடிப்பார். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முள்ளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கறுத்த இரத்தத்தைப் பெருவிரல் நகத்தால் சுரண்டி எடுப்பார். அந்த இரத்தம் கொஞ்சம் நின்றாலும் மீன் வெடுக்கடிக்கும் என்பார். பிறகு ஓலைப்பெட்டியில் சாய்த்துவைத்துத் தண்ணீர் வடிய விடுவார். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தோல் கல்லோடு ஒட்டும், சதை வெந்து கூழாகும். நான் அந்தரப்பட்டுத் தேசிக்காயை வெட்டிக்கொண்டு நின்றால் அதட்டுவார்: "தம்பி, அடுப்பை நூர்த்துப்போட்டுப் புளியை விடு. கொதிக்கக் கொதிக்க விட்டால் கைச்சுப்போகும்."

அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படி ஒரு தண்ணீர் இருப்பதற்கும், கடலோரமாகவே கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவதற்கும் காரணம் ஒன்றுதான். குடாநாட்டுக்குக் கீழே இருப்பது துளையோடிய சுண்ணக்கல். மாரி மழை அதற்குள் இறங்கித் தேங்கி, வெடிப்புகளின் வழியே கடலைத் தேடி வருகிறது, கேணியில் வெளிப்படுகிறது. ஆறு என்று சொல்ல மழைக்கு ஓடும் வழுக்கையாற்றை விட்டால் வேறில்லாத மண்ணுக்கு இந்தக் கல்தான் தண்ணீர்த் தாங்கி. கரைக்குக் கிட்டக் கடலுக்குள்ளும் கல்லும் பவளமுமாகப் பார் ஓடுகிறது. விளைமீன் இரை தேடுவது அந்தப் பாரில்தான். சோளகம் வீசும் மாதங்களில் வடகரை அடங்கிக் கிடக்கும், சின்ன வள்ளத்தில் போனவர்களும் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். வாடை எழும்பினால் கடல் முறுகும், மீன் விலையும் ஏறும்.

அந்தக் கல்லைத்தான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் தேடி வந்தது. 1950இல் தொடங்கிய தொழிற்சாலை. அதன் புகைபோக்கியைக் கடலிலிருந்து பார்த்துத்தான் கரையைக் குறிவைத்தோம் என்று வள்ளக்காரர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1990இல் போரால் எல்லாம் ஒன்றாக நின்றது. ஜூன் மாதத்தில் எங்கள் ஊரோடு சேர்ந்து வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. அதே வருஷம் ஒக்டோபரில் நகுலேஸ்வரம் கோயில் விமானக் குண்டுவீச்சில் சிதைந்தது. போர்த்துக்கேயர் இடித்து, ஆறுமுக நாவலர் திரும்பக் கட்டச் சொல்லிக் குரல் கொடுத்து எழுந்த கோயில் அது. பிறகு அந்தக் கரை முழுவதும் உயர் பாதுகாப்பு வலயம். கேணிக்கும் ஆட்கள் இல்லை, வள்ளத்துக்கும் ஆட்கள் இல்லை.

நாங்கள் சுன்னாகத்தில் இருந்தோம். பத்துக் கிலோமீற்றர் கூட இல்லை, ஆனால் கடல் மணக்காத ஊர். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் இல்லை, கடலுக்குப் போகக் கட்டுப்பாடு. சந்தைக்கு வரும் மீன் கைமாறிக் கைமாறி வந்து செவுள் வெளிறிக் கிடக்கும். வெங்காயம் செம்மண்ணில் விளைந்தது, உள்ளிக்குக் கடைக்காரர் சொன்னதுதான் விலை. அம்மம்மா அந்த நாட்களில் வெள்ளை மீனைப் பிரட்டிக் கொடுக்கவே இல்லை. பழப்புளியும் தூளும் போட்டுக் குழம்பு மட்டும் வைத்தார். மீன் பழசென்றால் குழம்பு அதைத் தாங்கும், உப்பும் தேசிக்காயும் தாங்காது. கெதியான சமையல் என்பது கையின் கெட்டித்தனம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கரைக்கும் குசினிக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அது என்று அங்கேதான் விளங்கியது.

பிறகு நான் புலம்பெயர்ந்தேன். பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அடுப்படிக்குப் போனேன். லா சப்பலைச் சுற்றி வாழ்ந்த எங்கள் பொடியளில் பாதிப்பேரின் கதை இதுதான். அங்கே கபியோ என்ற வெள்ளை மீன். துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, மாவில் மெல்லப் பிரட்டி, சூடேறின தட்டைச் சட்டியில் தோற்பக்கம் கீழே வைத்து, மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விடுவார்கள். தோல் தானாக விடும்வரை கரண்டி போடக்கூடாது. உள்ளி கடைசியில், வெண்ணெயில் ஒரு தரம் சுழன்றால் போதும். கருகினால் முழுச்சட்டியும் கைக்கும். அடுப்பை விட்டு இறக்கியபின் எலுமிச்சை. அடுப்பின் முன்னே நின்ற எனக்குக் கிணற்றடி தெரிந்தது. அந்தக் குசினியின் தலைமைச் சமையல்காரரும் அம்மம்மாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போல ஒரே முறையைச் சொன்னார்கள்.

காரணமும் அங்கே ஓய்வு நேரங்களில் வாசித்து அறிந்தேன். மீன் பழசாக ஆக அதில் ஒருவகை அமீன் பெருகும், வெடுக்கு அதிலிருந்துதான். புளி அதைப் பிடித்துக் கட்டிப்போடும், மூக்குக்கு எழும்ப விடாது. ஆனால் அதே புளியில் மீனை நெடுநேரம் ஊறவைத்தால் சதை வெளுத்துப் பொடிந்துவிடும். ஆகவே முன்னால் ஊறவைப்பதைவிடக் கடைசியில் பிழிவதே மேல். அடியிலேயே கிடக்கும் விளைமீன் போன்ற மீன்களுக்கு, ஓயாமல் நீந்தும் சூரையைப்போலச் செந்தசை தேவையில்லை. அதனால் சதை வெள்ளை, மணம் மெல்லிசு. அந்த மெல்லிய மணத்துக்கு உறைப்புத்தூளைக் கொட்டுவது அநியாயம் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அம்மம்மா ஊர் திரும்பவில்லை. சுன்னாகத்திலேயே முடிந்துபோனார்.

வலயம் துண்டு துண்டாகத்தான் திறந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு ரயில் திரும்ப வந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் ஆட்களின் கைக்கு வந்தது, இருபத்தேழு வருஷம் கழித்து. நான் ஊர் திரும்பியபோது எங்கள் காணியில் கூரையில்லாத சுவரும் நாயுருவிப் பற்றையும் நின்றன, தேசிமரம் இல்லை. கிணற்றை இறைத்து இறைத்துத் துப்புரவாக்கினோம். தண்ணீர் பழைய இனிப்போடு வந்தது. அன்றைக்குப் பின்னேரம் சைக்கிளில் பெட்டி கட்டி வந்த மீன்காரரிடம் இரண்டு விளைமீன் வாங்கினேன். செவுள் சிவந்து, கண் பிதுங்கி, விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் எழும்பிய மீன். மூன்று கல் வைத்து, பனம் மட்டை எரித்து, தோசைக்கல்லில் பிரட்டினேன். உள்ளி சடசடத்து ஓரம் பொன்னிறமானதும் நெருப்பை நூர்த்தேன். தேசிக்காய் பக்கத்து வீட்டு அக்கா தந்தது. "உங்கட அம்மம்மாவின்ர மரத்துக் கன்றுதான் தம்பி இது, சுன்னாகத்துக்குக் கொண்டுபோய் நட்டு, அதில இருந்து திரும்பக் கொண்டு வந்தனான்" என்றார்.

இப்போது மீன்பிடிக்காரரின் கவலை வேறு. இரவில் வரும் இந்திய இழுவைப் படகுகள் கடலடியை வழித்துக்கொண்டு போகின்றன. எங்கள் வலைகளையும் அறுத்துக்கொண்டு போகின்றன. இழுவைமடியை 2017இல் இலங்கை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடைசெய்தது. இராமேஸ்வரத்துக் கூலி மீனவருக்கும் வயிறு இருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் கடலடிப் பாரை வழித்த மடி அங்கிட்டும் இங்கிட்டும் நாளைக்கு மீன் மிச்சம் வைக்காது. இழுவைத் தொழிலை இரண்டு கரையிலும் நிறுத்தத்தான் வேண்டும்.

கீரிமலைக்குத் தீர்த்தமாட வருகிறவர்கள் அன்றைக்கு விரதமிருங்கள், அதுதான் முறை. மறுநாள் காலையில் நேரமிருந்தால் சேந்தான்குளம் கரைக்குப் போங்கள். சின்ன வள்ளத்தில் போய் வந்தவரிடம், அன்றைய மீனை, முழுசாக வாங்குங்கள். விலையை மட்டும் இறுக்கிப் பேசாதீர்கள்.